இருட்டாத ஊரில் விளக்கு வைக்கிற நேரம்

மணி எட்டு ஆகிவிட்டது. சூரியன் மட்டும், தென்காசியில் நாலரை மணிக்கு எங்கே நிற்குமோ அங்கே நின்றுகொண்டு, இறங்கலாமா வேண்டாமா என்று நடித்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் ஒரு ஊர், இதற்கு ஒரு சாயங்காலம் என்று நினைத்தார் குற்றாலலிங்கம். ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, அதற்கும் மேல் மகனுடைய மழைச்சட்டை என்று மூன்று சுற்று சுற்றிக்கொண்டு புல்வெளி ஓரத்து மரப்பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்க, எதிரே இந்த ஊர்க்காரர்கள் முக்கால் உடம்பு தெரிய வடகம் காயப் போட்ட மாதிரி கிடந்தார்கள். புரட்டிப் போட ஆள் இல்லாத குறைதான். வெயிலாம் வெயில்! கையை நீட்டினால் வெளிச்சம் விழுகிறது, சூடு விழக் காணோம். முப்பத்தோரு வருஷம் எட்டாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்தியவர் அவர். உயர் அட்சரேகைப் பகுதிகளில் கோடையில் பகல் நீண்டும் இரவு குறுகியும் காணப்படும், காரணம் பூமியின் அச்சு இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்திருப்பது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டியவர், சொல்லத் தெரியாத பையனைப் பெஞ்சு மேல் ஏற்றியவர். அந்தச் சாய்வு ஒரு நாள் தன்னையே பெஞ்சில் உட்கார வைத்து இப்படி வதைக்கும் என்று அப்போது யார் கண்டது? இன்றைக்கு அஸ்தமனம் பத்து மணி இரண்டு நிமிஷம் என்று காலையில் மகனுடைய போனில் பார்த்தார். இன்னும் இரண்டு மணி நேரம். அது வரைக்கும் இந்த வெளிச்சம் தொலையாது, அது வரைக்கும் அவருடைய மனைவி வீடு திரும்ப மாட்டாள், அது வரைக்கும் அவளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு பதிலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் வரலை என்றாளே. நான் வரலை. அவ்வளவு லேசாக, ரேஷன் கடைக்கு இன்றைக்கு நான் போகலை என்கிற மாதிரி.

பேரிலேயே கோளாறு பிடித்த ஊர். எடின்பர்க், ஸ்காட்லாந்தின் தலைநகரம் என்று அத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்ததை, வந்து இறங்கிய அன்றைக்கே மகன் குமரேசன், “எடின்பரான்னு சொல்லணும்ப்பா” என்று திருத்தினான். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஏதோ கிருமியை வளர்த்துச் சம்பளம் வாங்குகிறவன், அப்பனைத் திருத்துகிறான். போகட்டும், ஊராவது பார்க்கிற மாதிரி இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஒரு பாறை, பாறை மேல் ஒரு கோட்டை. திருமயத்தில் கூடத்தான் பாறை மேல் கோட்டை இருக்கிறது, அதில் ஆடு மேய்கிறது, யாரும் ஆ ஊ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. இந்தக் கோட்டையில் தினமும் பகல் ஒரு மணிக்கு ஒரு பீரங்கி வெடிக்கிறார்கள், ஜனங்களுக்கு நேரம் தெரிய வேண்டுமாம். ஆளுக்கொரு கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு பீரங்கி என்ன வேண்டிக்கிடக்கிறது? முதல் நாள் அந்தச் சத்தத்தில் அவர் நடுத்தெருவில் குமரேசனுடைய கையைப் பிடித்துவிட்டார், அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அப்புறம் அந்தப் பாவாடை கட்டிய தடியன், தோல்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூலைக்கு மூலை நின்று ஊதுகிறான், சீவாளி கிழிந்துபோன நாயனத்தை வைத்துக்கொண்டு எவனோ பழகுகிற மாதிரி ஒரே சுருதியில் ஒரு முனகல், அதற்கு வாய் பிளந்துகொண்டு ஒரு கூட்டம். கட்டடம் எல்லாம் கரி. நூறு நூற்றைம்பது வருஷம் நிலக்கரி எரித்த புகையாம், சுரண்டிக் கழுவினால் கல் கெட்டுப்போகுமாம், அதனால் பாரம்பரியம் என்று பேர் வைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். நம் வீட்டு அடுக்களைச் சுவர் அப்படி இருந்தால் சும்மா விடுவோமா, சுவரைப் பாருளா, பேய் குடியிருக்குத வீடு மாதிரி இருக்கு, கூறுகெட்ட மூதி என்று பொண்டாட்டியை... சொல்லியிருக்கிறார். அதே வார்த்தைதான். அருவியில் குளிக்க வந்திருந்த மதுரைச் சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார். சுவரில் கரி ஏன் பிடிக்கிறது, பன்னிரண்டு பேருக்கு மூன்று வேளை அடுப்பு எரிந்தால் பிடிக்காமல் என்ன செய்யும் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் விடிவதற்கு முன்னால் சுவரைத் தேய்க்கிற சத்தம் கேட்டது, அவர் புரண்டு படுத்தார்.

நாய்க்குச் சிலை வைத்திருக்கிற ஊர் வேறு. முதல் வாரம் குமரேசன் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். எஜமான் செத்துப்போன பிறகு பதினாலு வருஷம் அவன் கல்லறைப் பக்கத்திலேயே கிடந்த நாயாம், அதன் நன்றியை மெச்சிச் சிலை வைத்தார்களாம். வருகிறவன் போகிறவன் எல்லாம் அதன் மூக்கைத் தடவித் தடவி மூக்கு மட்டும் பளபளவென்று இருந்தது. பெற்ற தகப்பனை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு நாய் மூக்கைத் தடவுகிற பயல்கள் என்று அவர் தமிழில் உரக்கவே சொன்னார், யாருக்குப் புரியப்போகிறது? அவர் மனைவி குழல்வாய்மொழிதான் சிலைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “பதினாலு வருசமா?” என்று மகனிடம் கேட்டாள். ஆமாம் என்றான். “பாவம், அதுக்கு வேற போக்கிடம் இல்லை போல” என்றாள். குமரேசன் சிரித்தான். அவரும் சிரித்தார், இவளுக்கு நன்றி விசுவாசம் என்றால் என்னவென்றே தெரியாது, மக்கு என்றார். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது, அவள் சிரிக்கவில்லை. சிலையின் மூக்கைத் தொடவும் இல்லை.

குழல்வாய்மொழி. குற்றாலத்தில் சுவாமிக்குப் பக்கத்துச் சன்னதியில் இருக்கிற அம்பாள் பேர். பையன் பேர் குற்றாலலிங்கம், பெண் பேர் குழல்வாய்மொழி, இதற்கு மேல் ஜாதகம் என்ன பார்க்க வேண்டிக்கிடக்கிறது என்று அவருடைய அப்பா அன்றைக்கே வெற்றிலை மாற்றிவிட்டார். முப்பத்தேழு வருஷம். அந்தப் பேரை அவர் வாய்விட்டு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார் என்று யோசித்துப் பார்த்தார், ஒரு தடவை கூட அகப்படவில்லை. ஏளா என்றால் திரும்பிவிடுகிறவளுக்குப் பேர் எதற்கு? இங்கே கீழ்வீட்டில் மோராக் என்று ஒரு கிழவி, எழுபத்து நாலு வயசு, குரல் உழவு மாட்டை அதட்டுகிற குரல், அவள் கூப்பிடுகிறாள், கூழல், கூழல் என்று. குழலைக் கூழாக்கிவிட்டாள். அதற்கு இவள் மாடிப்படியில் வெள்ளைச் செருப்பு சத்தம் போட ஓடுகிறாள். சேலைக்குக் கீழே கயிறு கட்டிய வெள்ளைச் செருப்பு! இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேரும் புல்வெளிக்கு அந்தப் பக்கம் ஓடுகிற வாய்க்கால் கரையோடு தினமும் மூன்று மணி நேரம் நடக்கிறார்கள். என்னத்தைப் பேசுகிறார்கள்? கேட்டால், “அவ ஏதோ சொல்லுதா, நான் ஏதோ சொல்லுதேன்” என்கிறாள். அவரிடம் முப்பத்தேழு வருஷத்தில் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் என்னத்தைச் சொன்னாள்? சோறு வைக்கட்டுமா. கேஸ் தீர்ந்துபோச்சு. யாரோ வந்திருக்காங்க.

இதில் பெரிய கூத்து என்னவென்றால் அந்த மூன்று மணி நேரத்தை அவளுக்கு எழுதிக் கொடுத்தது அவர்தான். தென்காசியில் அந்தப் பேச்சே இல்லை. விளக்கு வைப்பதற்குள் பெண்கள் வீடு திரும்பிவிட வேண்டும், விளக்கு வைத்த பிறகு வாசல் தாண்டக் கூடாது என்பது அவர் அம்மா காலத்துச் சட்டம், அம்மா போன பிறகு அவர் சட்டம். கோயிலுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஆறேகால் ஆனால் அவள் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பும். இங்கே வந்த முதல் நாள், அவர் குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே திசை தெரியாமல் அலைந்துகொண்டிருந்தபோது, அவள் பெட்டியிலிருந்து சின்னக் குத்துவிளக்கை எடுத்துப் பழைய சேலைத் துணியை உருவிவிட்டு, “எப்ப ஏத்தணும்?” என்று கேட்டாள். “கடிகாரத்தைப் பாத்து ஆறரைக்கு ஏத்திருங்கம்மா, இங்க எல்லாரும் அப்படித்தான்” என்று குமரேசன் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? எட்டாம் வகுப்பு வாத்தியார் எழுந்துவிட்டார். “விளக்கு எதுக்குடா வைக்கோம்? கடிகாரத்துக்கா வைக்கோம்? இருட்டு வந்தா வைக்கோம். சூரியன் தலைக்கு மேல நிக்கும்போது விளக்கு ஏத்துதவன் பைத்தியக்காரன். அட்சரேகை ஐம்பத்தாறுல சூரியன் எப்ப மறையுதோ அப்பத்தான் விளக்கு வைக்கிற நேரம். தெரிஞ்சுதா?” தெரிஞ்சுது என்று அவள் தலையை ஆட்டினாள். நன்றாகவே தெரிந்திருக்கிறது. மறுநாள் சாயங்காலம் ஆறரைக்குச் சாப்பாட்டை மேஜையில் மூடி வைத்துவிட்டு, “விளக்கு வைக்கதுக்குள்ள வந்துருவேன்” என்று படி இறங்கினாள். அவர் சட்டம், அவர் பூகோளம். அன்றிலிருந்து தினமும் சூரியன் மறைய ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்து கால் கழுவி விளக்கு ஏற்றுகிறாள், ஒரு நாள் தப்பியதில்லை. வேறு ஊர் என்றால் ஆறரைக்கும் இருட்டுக்கும் நடுவே என்ன மிஞ்சும், ஒரு காப்பி குடிக்கிற நேரம் மிஞ்சும். இந்த வெட்கங்கெட்ட ஊர் மூன்றரை மணி நேரத்தை அள்ளி அவள் மடியில் போட்டுவிட்டது. எல்லாம் இந்த ஊர் செய்த வேலை. இந்தக் கரி பிடித்த, நாய்க்குக் கும்பிடு போடுகிற, இருட்டத் தெரியாத ஊர் செய்த வேலை.

காலையில் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடியேதான் சொன்னாள். “ஏங்க, ஞாயித்துக்கிழமை நீங்க போங்க. நான் வரலை. விசா ஐப்பசி வரைக்கும் இருக்குல்லா, இருந்துட்டு வாரேன்.” குமரேசன் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினான். இவனுக்கு முன்னாடியே தெரியும், திருட்டுப்பயல். “ஏளா, கூறு இருக்கா உனக்கு? இருவத்தெட்டாம் தேதி மதுரைக்காரங்க வாராங்க, பன்னெண்டு பேரு” என்றார். “தெரியும். அதான் சொல்லுதேன்” என்றாள். அதான் சொல்லுதேன் என்றால் என்ன அர்த்தம்? ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் போதும், அருவியில் குளிக்க என்று மதுரையிலிருந்து, சென்னையிலிருந்து, பம்பாயிலிருந்து கூட ஆள் வரும்; அத்தனை பேரையும் போன் போட்டுக் கூப்பிடுகிறவர் அவர். சீசனுக்குத் தென்காசியில் வீடு வைத்திருக்கிறவனுக்கு அதுதானே கௌரவம்? ஆனி, ஆடி இரண்டு மாசமும் வீடு கல்யாண வீடாக இருக்கும். எல்லாரும் விடியற்காலம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள், ஈரத் தலையோடு பசித்து வருவார்கள், இட்லி ஆவி பறக்க இருக்கும். யார் ஆவி பறக்க வைத்தது என்று எவனும் கேட்டதில்லை. அவள் கடைசியாக அருவியில் எப்போது குளித்தாள்? குமரேசன் ஆறாம் வகுப்பு படிக்கும்போது? அதற்கும் முன்னாடியா? அருவியிலிருந்து நாலு மைல் தள்ளி இருபது வருஷமாக இட்லி அவித்துக்கொண்டிருந்தவள் இங்கே போன வாரம் வெயிலோடு பெய்த ஒரு தூறலில், குடையை மடக்கிவிட்டு நடுப்புல்வெளியில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். சன்னல் வழியாகப் பார்த்தார். இதுவும் ஒரு மழையா, குற்றாலச் சாரல் கால் தூசி பெறுமா இது என்று அப்போது நினைத்தார். ஆமாம், பெறாதுதான். அவள் அதில் நின்றாள், இதில் நிற்கவில்லை, இல்லை, இதில் நின்றாள், அதில் நிற்கவில்லை, சே, எதையோ தொட்டால் எங்கேயோ போகிறது.

“நான் உத்தரவு ஒண்ணும் கேக்கலை” என்றும் சொன்னாளே. “நீங்க வேண்டாம்னாலும் இருக்கத்தான் போறேன். ஆனா இருந்துட்டு வான்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னா நல்லா இருக்கும். இப்ப சொல்ல வேண்டாம். விளக்கு வைக்கும்போது சொல்லுங்க.” இன்றைக்கு ராத்திரிக்குள் டிக்கெட்டை மாற்ற வேண்டும், நாளைக்கு என்றால் முடியாது என்று குமரேசன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னான். ஒரு வார்த்தை சொன்னால் நல்லா இருக்குமாம். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அவர் தனியாகப் போய் இறங்க வேண்டும், சொன்னாலும் அதேதான். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தால் சாரல் ஈரத்தில் சுவர் நாற்றம் அடிக்கும். அடுக்களையில் எது எங்கே இருக்கிறது? மதுரைக்காரர்கள் வந்து அக்கா எங்கே என்பார்கள், எடின்பரா என்றால் எவனுக்குத் தெரியும், லண்டனில் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும், மச்சினன் மீசைக்குள் சிரிப்பான். சரி, அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். அப்புறம்? அப்புறம் ஆடி, ஆவணி. அப்புறம் ஐப்பசியில் போன் வரும், குமரேசனுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் கழித்து வாரேன் என்பாள். இன்னொரு விசா வாங்குவான். டிவி ஓடிக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு நாற்காலியில் சாய்ந்தபடி... பால்காரன்தான் வந்து பார்க்க வேண்டும். குற்றாலலிங்கத்துக்குப் பயமாக இருந்தது. குளிர் என்று மழைச்சட்டையின் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டார், குளிர் இல்லை, பயம்தான். எல்லாம் இந்த ஊரால் வந்தது. தென்காசியில் இருந்த வரைக்கும் அவளுக்கு இப்படி ஒரு யோசனை வந்ததுண்டா? இந்த வெளிச்சம்தான் அவள் மூளையைக் குழப்பிவிட்டது.

எட்டே முக்கால் இருக்கும். புல்வெளியின் அந்தக் கோடியில் மரங்களுக்கு நடுவே இரண்டு பேர் வந்தார்கள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. தென்காசியாக இருந்தால் இந்த நேரத்துக்கு எதிரே வருகிறவன் முகம் தெரியாது. இங்கே அரை மைலுக்கு அப்பால் சேலை நிறம் தெரிகிறது, அரக்கு. குட்டையாக இருந்தவள் கையை வீசி நடந்து வந்தாள். தோளிலிருந்து வீசினாள். நடுவில் நின்று இடுப்பில் கையை வைத்து எதையோ சொன்னாள், நெட்டைக்காரி குனிந்து சிரித்தாள், மறுபடியும் நடந்தார்கள். யார் இவள் என்று ஒரு விநாடி நிஜமாகவே நினைத்தார். சேலைதான் அவள் சேலை. நடை யாருடையது? அப்புறம்தான் உறைத்தது, அவள் நடந்து அவர் பார்த்ததில்லை. கோயிலுக்கு, கடைத்தெருவுக்கு, கல்யாணத்துக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு, எங்கே போனாலும் அவர் முன்னால் போவார், அவள் பின்னால் வருவாள், வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கக் கூட அவருக்குத் தோன்றியதில்லை. எப்படியும் வருவாள். முப்பத்தேழு வருஷம் தன் முதுகுக்குப் பின்னால் இப்படியா ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள்? அவர்கள் பெஞ்சுக்கு நூறு அடி தள்ளி நேராகப் போய் வாய்க்கால் பக்கம் திரும்பினார்கள். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஏளா என்று கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். இத்தனை பேர் நடுவில் ஏளா என்று கத்த வாய் வரவில்லை, வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்து முடிப்பதற்குள் மரம் மறைத்துவிட்டது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கேவலமான யோசனை என்று அவருக்கே தெரியும், ஆனாலும் வந்ததும் உடம்பில் ஒரு தெம்பு ஏறியது. விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவேன் என்கிறாள் அல்லவா? இப்போதே போய் விளக்கை ஏற்றிவிட்டால்? ஒன்பது மணிக்கு விளக்கு எரிகிறது, நீ பத்து மணிக்கு வருகிறாய், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக விளக்கு வைத்த பிறகு வீட்டுக்கு வருகிறாய், இதுதான் நீ கண்ட லட்சணமா என்று கேட்கலாம். கேட்டுவிட்டு, இருந்துட்டு வா என்கிற வார்த்தையைச் சொல்லாமல் படுத்துவிடலாம். சூரியன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது விளக்கு ஏற்றுகிறவன் பைத்தியக்காரன் என்று சொன்னவர், விறுவிறுவென்று தெருவைத் தாண்டிப் பாதங்கள் தேய்த்துக் குழிந்துபோன கல்படிகளில் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினார். நூற்றைம்பது வருஷத்துப் படியாம், ஒரு கைப்பிடி ஒழுங்காக இல்லை. குமரேசன் அறைக்குள் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அடுக்களை அலமாரிக்கு மேலே, குற்றாலநாதர் படத்துக்கு முன்னால் விளக்கு துடைத்து வைத்தபடி இருந்தது. எண்ணெய்ப் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. தீப்பெட்டியைக் காணோம். இந்த வீட்டு அடுப்புக்கு நெருப்பே கிடையாது, கண்ணாடித் தட்டு, பொத்தானை அமுக்கினால் சிவக்கிறது. சாம்பிராணி போட்டால் கூரையில் சங்கு ஊதுகிற வீட்டில் தீப்பெட்டிக்கு எங்கே போவது? இழுப்பறை ஒவ்வொன்றாக இழுத்தார். கரண்டி, முள், பிளாஸ்டிக் பை. கீழ் அலமாரியில் அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த மூட்டை முடிச்சுகள், வத்தல், பொடி, புளி. அதற்குப் பின்னால் ஓர் எவர்சில்வர் சம்படம் இருந்தது. உள்ளே தீப்பெட்டி இருக்கும் என்று மூடியைத் திறந்தார்.

திரி. பஞ்சை உருட்டித் திரித்த விளக்குத் திரி, கட்டுக் கட்டாக. சித்திரை மாசம் முழுக்க ராத்திரி டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு முழங்காலில் உருட்டிக்கொண்டே இருந்தாள். “அங்க போய்க் கோயில் கட்டப் போறியா?” என்று கேட்டார், “இருக்கட்டும்” என்றாள். இருபது நாள் போய்விட்டு வருவதற்கு இவ்வளவா? ஒவ்வொரு கட்டும் ஒரு காகிதத்தில் சுற்றி நூல் போட்டுக் கட்டியிருந்தது. காகிதத்தின் மேல் அவள் கையெழுத்து, பலசரக்குச் சிட்டையில் பார்த்த அதே குண்டு எழுத்து. ஆனி. ஆடி. ஆவணி. புரட்டாசி. ஐப்பசி. வைகாசி என்று எழுதின ஒரு காகிதம் காலியாக மடித்துக் கிடந்தது. அவர் அதைப் பிரித்துத் திருப்பினார். காலண்டர் தாள். காலையில் எழுந்ததும் அவர் தம் கையாலேயே கிழித்து, அன்றைக்கு ராசிபலன் என்ன என்று படித்துவிட்டுக் கசக்கிப் போடுகிற தினசரித் தாள், நீவிவிட்டு எடுத்து வைத்திருக்கிறாள். சித்திரை பதினாலு என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அன்றைக்கு அவள் விமானத்தைக் கூடப் பார்த்திருக்கவில்லை. மோராக் என்று ஒருத்தி இருப்பது தெரியாது. இந்தக் கோட்டை, இந்தக் கரி, இந்த வெளிச்சம், வாய்க்கால் கரை, தூறல் எதுவும் தெரியாது. தென்காசியில், அவர் பக்கத்தில், அவர் போட்ட டிவி சத்தத்தில் உட்கார்ந்துகொண்டு ஐப்பசி வரைக்கும் திரி உருட்டியிருக்கிறாள். இருபது நாளாக இந்த ஊரை அவர் திட்டாத திட்டு இல்லை, குடும்பத்துக்குள்ளே புகுந்தது, மனசைக் கெடுத்தது, பெண்டாட்டியைப் பிடுங்கிக்கொண்டது என்று. பாவம், அதுக்கு ஒன்றுமே தெரியாது. அது பாட்டுக்கு இருட்டாமல் நின்றுகொண்டிருந்தது. கால் வலித்தது. மேஜைப் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், சம்படம் மடியில் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, எதிர் வீட்டுக் கரிச்சுவரில் வெயில் மேலே மேலே ஏறி, புகைக்கூண்டு வரைக்கும் போய்விட்டது.

படியில் வெள்ளைச் செருப்பின் சத்தம் கேட்டது. பத்து ஆவதற்கு மூன்று நிமிஷம் இருந்தது. உள்ளே வந்தவள் மடியில் இருந்த சம்படத்தைப் பார்த்தாள், இழுத்தபடி கிடந்த இழுப்பறைகளைப் பார்த்தாள்.

“பாத்தியளா” என்றாள். பதறவில்லை. குளியலறைக்குப் போய்க் கால் கழுவிவிட்டு வந்தாள், சம்படத்தை அவர் மடியிலிருந்து எடுத்தாள், ஆனிக் கட்டிலிருந்து ஒரு திரியை உருவி விளக்கில் போட்டாள். எண்ணெய் ஊற்றினாள். பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இன்னும் நேரம் இருந்தது.

எத்தனையோ கேட்கலாம். முப்பத்தேழு வருஷத்துக்கு இதுதான் கூலியா என்று கேட்கலாம். கூறுகெட்ட மூதி என்று ஆரம்பிக்கலாம், அது நாக்கு நுனியில் எப்போதும் தயாராக இருக்கிற வார்த்தை. வாயைத் திறந்தால் வேறு ஒன்று வந்தது.

“கார்த்திகைக்குத் திரி இல்லையே?”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் குரல் அவ்வளவு தணிந்து இருந்ததை அவள் முன்னால் கேட்டிருக்க மாட்டாள், அவரே கேட்டதில்லை.

“கார்த்திகைக்கு நம்ம வீட்டுல வச்சிருக்கேன்” என்றாள். “அடுக்களையில மேல் தட்டுல, புளிப்பானைக்குப் பக்கத்துல. அங்கன வந்துதானே ஏத்தணும்.” எண்ணெய்ப் பாட்டிலை மூடி வைத்தாள். “அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு சம்படம் இருக்கு. இதே மாதிரி மாசம் எழுதிக் கட்டி வச்சிருக்கேன். நீங்க போய் இறங்குத நாள்ல இருந்து ஐப்பசி முடிய. அங்கன ஆறே முக்காலுக்கே இருட்டிரும், மறந்துராதிய.”

உப்பு ஜாடிக்குப் பின்னால் கையை விட்டுத் தீப்பெட்டியை எடுத்தாள். அங்கேதான் இருந்திருக்கிறது. புகைக்கூண்டின் உச்சியிலிருந்த வெயில் போய்விட்டது, ஆனாலும் வானம் வெளுப்பாகவே இருந்தது. அவள் குச்சியைக் கிழித்துத் திரியில் வைத்தாள், சுடர் அந்த வெளிச்சத்தில் இருப்பதே தெரியாமல் எரிந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த ஒரு வார்த்தைக்காக. அறைக்குள் குமரேசன் போனை வைத்துவிட்டான் போலிருந்தது, சத்தம் நின்றுபோயிற்று.

“ஏளா” என்றார் குற்றாலலிங்கம். பிறகு, “குழல்வாய்மொழி” என்றார், அது யாரோ ஒருத்தி பேர் மாதிரி இருந்தது. “நம்ம வீட்டுல தீப்பெட்டி எங்க இருக்கும்?”